அமாவாசைக் கூட்டம்

கமலவேணிக்கு வாசகர்களைக் கண்டாலே ஆகாது. நூலகருக்கு இப்படி ஒரு குணமா என்று கேட்கலாம். சாப்பிட வருகிறவர்கள்மேல் எரிந்து விழுகிற ஓட்டல்காரர்கள் இல்லையா, அந்த மாதிரிதான்.

காலையில் செவிலிமேட்டிலிருந்து ஸ்கூட்டியில் வந்து, நெசவாளர் தெருவிலிருக்கும் கிளை நூலகத்தைத் திறப்பாள். ரிட்டயர்டு தணிகாசலம் வாசலிலேயே நிற்பார். உள்ளே வந்ததும் பேப்பரைத் தாள் தாளாகப் பிரித்து, ஒன்றை முகத்தில் போர்த்திக்கொண்டு தூங்கிவிடுவார். அடுத்து அரசு வேலைத் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள். கைடு அவர்களுடையது; நாற்காலியும் ப்ளக் பாயிண்டும்தான் நூலகத்துடையது. அலமாரிப் பக்கம் தலை திரும்பாது. வாசகர் வட்டத் தலைவரோ நூலக வார விழாவுக்கு மட்டும் வந்து, மாணவச் செல்வங்கள் படிக்க வேண்டும் என்று முழங்குவார். அவருக்கு உறுப்பினர் அட்டையே கிடையாது. பட்டு நெய்கிற ஊரில் அவருக்குப் பாலியஸ்டர் சால்வையைப் போர்த்தி அனுப்புவதில் கமலவேணிக்கு ஒரு அல்ப சந்தோஷம்.

புத்தகங்களை அவள் பார்த்துக்கொள்வதில் மட்டும் யாரும் குறை சொல்ல முடியாது. தூசி தட்டி, கிழிந்ததை ஒட்டி, எண் வரிசை பிசகாமல் அடுக்கி வைப்பாள். யாரும் வராத நாளில்தான் அவள் கண்ணுக்கு நூலகம் நூலகமாகத் தெரியும்.

அந்த அழகைக் கெடுக்கவே அமாவாசை வரும். அன்றைக்குக் காஞ்சிபுரத்தில் தறி ஓடாது. தெருவிலிருக்கும் நெசவாளர்கள் தலை முழுகி, சாமி கும்பிட்டு, சாப்பிட்டுவிட்டுக் குடும்பத்தோடு நூலகத்துக்கு வந்துவிடுவார்கள். நாற்காலி போதாமல் தரையில் உட்காருவார்கள். சிவராஜ் என்பவன் ஒரு நாவலை எடுத்து உரக்கப் படிப்பான். மற்றவர்கள் கேட்டபடி நடுநடுவே கதாநாயகனைத் திட்டுவார்கள். பெண்கள் வார இதழை மடியில் போட்டுக்கொண்டு பேசுவார்கள். குழந்தைகள் படப் புத்தகத்துக்கு அடித்துக்கொள்ளும். சாயங்காலம் பார்த்தால் ஒரு புத்தகமும் அதனதன் இடத்தில் இருக்காது.

"இது லைப்ரரியா, சந்தையா?" என்று கத்துவாள் கமலவேணி. மாகறல் கிராமத்தில் நிலபுலத்தோடு வளர்ந்தவள். தறிக்குழியிலிருந்து எழுந்து வந்து இலக்கியம் பேசுகிறவர்களைக் கண்டால் அவளுக்கு இளப்பம். அதை அவள் மறைத்ததும் இல்லை.

ஒருநாள் நூலக ஆய்வாளர் உமாபதி போன் செய்தார்.

"ஆள் வராத கிளையையெல்லாம் பெரிய நூலகத்தோட சேக்கப் போறாங்க மேடம். நான் நேர்ல பாத்து எழுதணும். செவ்வாய்க்கிழமை வரட்டுமா, இல்ல அதுக்கடுத்த வாரம் அமாவாசைக்கு வரட்டுமா? நல்லாக் கூட்டம் வர்ற நாளாச் சொல்லுங்க."

அமாவாசை என்ற வார்த்தை நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. உடனே தரையெல்லாம் ஆட்கள், வெற்றிலை வாய், குழந்தைகளின் கூச்சல் எல்லாம் கண்முன் வந்து நின்றன. படித்த அதிகாரி முன்னால் மானம் போய்விடுமே! தேர்வுப் பிள்ளைகள் எப்படியும் வருவார்கள், பார்க்கவும் கௌரவமாக இருக்கும் என்று கணக்குப் போட்டாள்.

"செவ்வாய்க்கிழமையே வாங்க சார்."

செவ்வாயன்று பயிற்சி மையத்தில் மாதிரித் தேர்வு. ஒரு பிள்ளைகூட வரவில்லை. தெரு முழுக்கத் தறிச் சத்தம் கேட்டது. நூலகத்துக்குள் தணிகாசலத்தின் குறட்டை கேட்டது. உமாபதி அலமாரியில் விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தார். தூசியே இல்லை.

"ரொம்ப நீட்டா வெச்சிருக்கீங்க மேடம். ஆள்தான் காணோம்."

"அமாவாசைக்கு நிறைய வருவாங்க சார்."

"எல்லாக் கிளையிலயும் இதையேதான் சொல்றாங்க" என்று சிரித்தார் அவர். "கேட்டப்பவே சொல்லியிருக்கலாமே?"

உத்தரவு வந்தது. பெரிய நூலகத்தில் அவளுக்கு ஒரு மேஜை. இங்கே கதவைப் பூட்டிச் சாவியை ஒப்படைத்துவிட வேண்டும்.

புத்தகங்களை ஏற்ற வண்டி வந்த அன்று அமாவாசை. வழக்கம்போலத் தெருவே திரண்டு வந்து வாசலில் திகைத்து நின்றது. விஷயம் தெரிந்ததும் சிவராஜ் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, கயிற்றை வாங்கிப் புத்தகங்களைக் கட்டுக் கட்டாகக் கட்ட ஆரம்பித்தான்.

"எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாம்மா? ஆபீசர் வர்றாருன்னு தெரிஞ்சிருந்தா, தறியை நிறுத்திட்டு மொத்தத் தெருவும் வந்து குந்திக்கினு இருந்திருப்போமே!"

"எனக்கே சொல்லலப்பா" என்றாள் கமலவேணி. "திடீர்னு வந்து நின்னுட்டாரு."

சிவராஜ் அதை அப்படியே நம்பிவிட்டான்.

"அதானே! நம்மள மனுசனா மதிச்சாத்தானே சொல்லுவானுங்க. தறி நெய்றவன் இன்னாத்தைப் படிச்சிக் கிழிக்கப் போறான்னு நெனச்சிக்கினு இருக்கானுங்கம்மா. இப்படி நெனக்கிறவன்லாம் எதுக்கு லைப்ரரி வேலைக்கு வர்றான்? நீங்க ஒருத்தர்தாம்மா எங்களை உள்ள விட்டு உக்கார வெச்சீங்க."

ஊரையே இளப்பமாகப் பார்த்துப் பழகிய கமலவேணிக்கு, அந்த வாசலில் தன்னைவிடக் கேவலமாக வேறு யாரும் தெரியவில்லை. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள்.

"ஆமாம்பா" என்று மட்டும் சொன்னாள். அடுத்த கட்டுக்கு முடிச்சுப் போட அவன் கையை நீட்டினான். கயிற்றின் நுனியை இழுத்துப் பிடித்துக் கொடுத்தாள்.