இடைவேளைக்குப் பிறகு முத்துலட்சுமி

“ஸ்க்ரூ முடுக்க வர்ற பொண்ணுக்கு எடிட்டிங்கா? அதெல்லாம் கோர்ஸ் படிச்சவங்க பண்றதும்மா.”

வேலைக்குச் சேர்ந்த அன்று எங்கள் கம்பெனி ஹெச்.ஆர். அதிகாரி சொன்னது. பொழுதுபோக்கு என்ன என்று அவர்தான் கேட்டார். வீடியோ எடிட்டிங் என்றேன். சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எங்கள் வீட்டில் பஸ் போர்டைப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். பள்ளிக்கூடம் போனபோதும் சிலர் இப்படித்தான் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு போன செவ்வாய்க்கிழமை மறுபடி ஞாபகம் வந்தது.

ஒரகடத்தில் எங்கள் கம்பெனி கேட்டில், போன் கேமரா மேல் ஸ்டிக்கர் ஒட்டித்தான் உள்ளே விடுவார்கள். உள்ளே எதையும் எடுத்துப் பழக முடியாது. அதனால் என் சினிமாப் பள்ளிக்கூடம் கம்பெனி பஸ். குன்றத்தூரில் ஏறியதும் போனில் ஏதாவது ஒரு படத்தைச் சத்தமில்லாமல் ஓடவிடுவேன். கதாநாயகிக்கு என்ன வேண்டும்? அதற்குக் குறுக்கே நிற்பது எது? இடைவேளை எங்கே விழுகிறது? நிறுத்தி நிறுத்திப் பார்ப்பேன்.

“ஏட்டி, பாட்டையாவது சத்தமா வையேன். ஊமைப் படம் பாத்துட்டு வேலைக்குப் போனா வெளங்குமா?”

பக்கத்து சீட் முத்துலட்சுமி. தென்காசிக்காரி. என்னோடு ஒரே லைனில் வேலை. அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான் - ட்ரெய்னி வேலை பர்மனென்ட் ஆகவேண்டும்.

ஆண்டு விழா நடந்தது. விழா வீடியோவை எடிட் செய்ய வெளி ஆள் அதிகப் பணம் கேட்டானாம். உடனே அதிகாரிக்கு என் பொழுதுபோக்கு ஞாபகம் வந்துவிட்டது! கம்பெனி கேமராமேன் எடுத்த காட்சிகளைக் கொடுத்தார். அதில் முத்துலட்சுமியின் க்ளோசப் ஒன்று. உதட்டை இறுக்கி, கண் லேசாகக் கலங்கி...

முதலில் இப்படி ஒட்டினேன்: எம்.டி. மேடையில் “நாம் ஒரே குடும்பம்” என்கிறார். அடுத்து அவள் முகம். நன்றியில் நெகிழ்ந்து நிற்கிறாள். எம்.டி.யை எடுத்துவிட்டு, நைட் ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும் கூட்டத்தை வைத்துப் பார்த்தேன். இப்போது அவள் களைத்துப் போனவள். முகம் அதேதான். முன்னால் எதை வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இரண்டையும் அதிகாரியிடம் காட்டினேன்.

“இது இன்னாம்மா, சோகமா கீது? குடும்பம்னு வருதே, அதப் போடு.”

அதையே எல்லோருக்கும் போட்டுக் காட்டினார்கள். கைதட்டினார்கள். என் பெயர் எங்கும் இல்லை.

போன மாதம், ட்ரெய்னி காலம் முடிந்தது என்று முத்துலட்சுமியை அனுப்பிவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை ரிலீவிங் லெட்டர் வாங்க வந்தாள். சாப்பாட்டு நேரத்தில் அவளைப் பார்க்க ரிசப்ஷனுக்குப் போனேன். அங்கே டிவியில் அதே வீடியோ. அதே முகம். கீழே, ‘எங்கள் குடும்பத்தில் சேர வாருங்கள்’. இன்டர்வியூவுக்கு வந்த பெண்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அன்னைக்கு நான் கொட்டாவிய அடக்கிட்டு நின்னேன்ட்டி. அது குடும்பப் பாசமாயிட்டு,” என்றாள். பிறகு மெதுவாக, “என்னைய அனுப்பிட்டு, என்னையக் காட்டியே ஆள் எடுக்காவ பாரு.”

நேராக அதிகாரியிடம் போனேன்.

“சார், அந்த ஷாட்ட எடுத்துடலாமா? அவ இப்ப இங்க வேலை செய்யலியே.”

“எதுக்கும்மா? நல்லாத்தானே கீது. அந்தப் பொண்ணுக்குத் தெரியவா போவுது?”

“வெளியதான் நிக்கிறா சார்.”

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “கம்பெனி வீடியோம்மா அது. நீ லைனுக்குப் போ.”

போனேன். நானும் ட்ரெய்னிதான். என் முறை இன்னும் வரவில்லை, அவ்வளவுதான்.

இத்தனை படம் பார்த்துப் படித்ததில் ஒன்று இப்போதுதான் உறைக்கிறது. கதை எங்கே முடிகிறது என்று தீர்மானிக்கிறவன் எவனோ, கதை அவனுடையது. முத்துலட்சுமியின் கதை அவர்களுக்கு இடைவேளை வரை போதும். வந்தாள், உழைத்தாள், நெகிழ்ந்தாள்... விளக்கைப் போட்டுவிடலாம். அதற்குமேல் அவள் எந்த பஸ்ஸில் ஏறினால் யாருக்கு என்ன?

ஞாயிற்றுக்கிழமை அவளைச் செம்பரம்பாக்கம் ஏரிக்கரைக்கு அழைத்துப் போனேன். மறுநாள் அவள் ஊருக்குக் கிளம்புகிறாள். கேமரா மேல் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் பசையைத் துப்பட்டாவால் துடைத்தேன்.

“என்னட்டி பேசணும்?”

“ஒண்ணும் வேணாம். கொட்டாவி வந்தா விட்டுடு.”

முதல் ஷாட் எடுத்தாகிவிட்டது. என் படம் இடைவேளைக்குப் பிறகிலிருந்துதான் ஆரம்பிக்கிறது.