முழுப் பட்டாணியும் உடைத்த பருப்பும்

ரங்கூனில், போட்டாதாங் துறையில் மூட்டை தூக்கும் எங்கள் கூட்டத்துக்கு நான்தான் சமையல். சமைப்பவன் மூட்டை தூக்க வேண்டியதில்லை. அதற்காகவே அந்த வேலையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ராமநாதபுரத்துக்காரன் ஒருவன் வந்து சேர்ந்தான். எனக்குக் காய்ச்சல் கண்ட சில நாட்கள், அவன் சோற்றுக்குப் பட்டாணி வேகவைத்தான். ஒவ்வொன்றும் முழுதாக இருந்தது. நசுக்கினால் வெண்ணெயாய் மசிந்தது. ஆட்கள் சட்டியை வழித்துத் தின்றார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

அவனிடம் கேட்க மனம் வரவில்லை. முந்தின இரவே சோடா உப்புப் போட்டு ஊறவைக்கிறான், நெடுநேரம் வேகவைக்கிறான் என்பதை மட்டும் ஒளிந்து நின்று பார்த்துக்கொண்டேன். என்னிடம் இருந்தது குழம்புக்கு வாங்கிய, தோல் நீக்கி உடைத்த பட்டாணிப் பருப்பு. எல்லாம் பட்டாணிதானே என்று அதையே சோடாவில் ஊறப்போட்டு, அவனைப் போலவே நெடுநேரம் வேகவைத்தேன். மூடியைத் திறந்தால் பசைதான் இருந்தது.

“அண்ணே, இதைத் தின்னணுமா, சுவத்துல பூசணுமா?” என்றான் ஒருவன்.

எங்கள் கூட்டத்து மேஸ்திரி ஒரு வாய் வைத்துத் துப்பினார். “ஏலே, நாளைலேருந்து அவன் பொங்கட்டும். நீ மூட்டைக்கு வா.”

“தோலு இருந்தாத்தான் சோடா வேணும். உடைச்ச பருப்பு சும்மாவே கரைஞ்சிருமே. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்” என்றான் ராமநாதபுரத்துக்காரன். அவன் நல்லவனாகவும் இருந்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

மறுநாள் உச்சிப்பொழுது வரை அரிசி மூட்டை சுமந்தேன். பசியில் அவன் பட்டாணியை இரண்டு தரம் வாங்கித் தின்றேன். நன்றாயிருக்கிறது என்று மட்டும் சொல்லவில்லை.