விசாவுக்காக நான் செய்த ஜெபமும் அதற்கு வந்த பதிலும்

இந்த ஊரில் எஸ்தர் என்று ஒருத்தி இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். சபையாரே, என் கஷ்டம் அங்கேதான் தொடங்கியது.

நெருக்கடி நிலை முடிந்து ஆட்சி மாறியிருந்த சமயம் அது. நான் காஞ்சிபுரத்தில் மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸாக இருந்தேன். குறைமாதத்தில் பிறக்கிற குழந்தைகளை அப்போதெல்லாம் துணியில் சுற்றி, வெந்நீர் பாட்டிலைப் பக்கத்தில் வைத்து, மற்றதைக் கடவுளிடம் விட்டுவிடுவோம். பாதிக்கு மேல் தங்காது. அந்தக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளக் கற்றுக்கொண்டு வரும்படி என்னை மேற்கு ஜெர்மனிக்கு ஆறு மாதப் பயிற்சிக்குத் தேர்ந்தெடுத்தார்கள். தை மாதம் அங்கே போய்ச் சேர வேண்டும். தவறினால் அந்த இடம் வேறு ஆஸ்பத்திரிக்குப் போய்விடும்.

விசா வேண்டுமானால் முதலில் பாஸ்போர்ட் வேண்டும். அதற்குச் சொந்த ஊரில் போலீஸ் விசாரிக்க வேண்டும். உத்திரமேரூரிலிருந்து ஏட்டு ஒருவர் சைக்கிளில் வந்தார். நாங்கள் குடியிருக்கும் காலனிப் பக்கமே வரவில்லை. கிராம முன்சீப் வீட்டில் மோர் குடித்தார், அவரிடம் கேட்டார், எழுதிக்கொண்டு போய்விட்டார். மேற்படி பெயரில் இங்கே யாரும் வசிக்கவில்லை.

செய்தி தெரிந்ததும் லீவு போட்டுவிட்டு ஊருக்கு வந்தேன். என் தகப்பனாரை நைனா என்றுதான் கூப்பிடுவேன். அவரையும் அழைத்துக்கொண்டு முன்சீப் வீட்டுக்குப் போனேன். நாங்கள் தெருவிலேயே நின்றோம். முன்சீப் வாசலுக்கு வந்தார்.

"பேர் இன்னா சொன்ன?"

"எஸ்தருங்க."

"அப்படி யாரும் இந்த ஊர்ல கெடையாதே."

"நான்தாங்க அது. முனியன் பொண்ணு." நைனாவின் பழைய பெயரைச் சொன்னால் இரங்குவார் என்று நினைத்தேன்.

முன்சீப் நைனாவைப் பார்த்தார். "முனியனா? அவன்தான் ஏசடியானா மாறிட்டானே. முனியனும் இந்த ஊர்ல இல்ல. போங்க."

அவருடைய கோபம் எங்களுக்குத் தெரியும். நான் பிறப்பதற்கு முன்பு எங்கள் காலனி ஞானஸ்நானம் எடுத்தபோது ஆண்கள் எல்லாரும் மோளத்தை விட்டார்கள். ஊர்ச் சாவுக்கு இனிமேல் பறையடிக்க மாட்டோம் என்று முதலில் சொன்னவர், அன்றைக்கு முனியன் என்ற பெயரை விட்டு ஏசடியான் என்று பெயர் பெற்ற நைனா. அதற்குப் பிறகு வந்த முதல் சாவு முன்சீப்பின் தகப்பனாருடையது. எங்கள் ஆட்கள் போகவில்லை. அவர் அதை மறக்கவில்லை.

திரும்பி வரும்போது நைனா முன்னால் நடந்தார். நான் அழுதுகொண்டே பின்னால் வந்தேன். எத்தனை தலைமுறையாக அந்த நிலத்தில் நாற்று நட்டோம், களத்தில் நெல் தூற்றினோம். அப்போதெல்லாம் நாங்கள் இருந்தோம். ஒரு கையெழுத்து என்று வந்ததும் இல்லாமல் போய்விட்டோம்.

தாலுகா ஆபீசுக்கு நடந்தேன். முன்சீப் சொன்னால் சரி என்றார்கள். ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டர் கடிதம் எழுதினார். அதற்குப் பதிலே வரவில்லை. கார்த்திகை பிறந்தது. எனக்கு வேறு வழி தெரியவில்லை. ஆஸ்பத்திரிச் சிற்றாலயத்தில் முழங்காலில் நின்றேன். வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம் இருந்தேன். ஆண்டவரே, அந்த மனுஷனின் மனதை மாற்றும் என்று கேட்டேன். இதையே கேட்டேன், வேறொன்றும் கேட்கவில்லை. என்னோடு வேலை செய்த நர்ஸுகளும் சேர்ந்து ஜெபித்தார்கள். நம்முடைய இந்தச் சபையும் ஜெபித்தது. அதை நான் மறக்கவில்லை.

ஒரு நாள் காலையில் மேட்ரன் அம்மா வார்டுக்கே வந்து என் தோளைப் பிடித்தார். மறுவிசாரணை நடந்திருக்கிறது, முன்சீப் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்றார். கையில் இருந்த குழந்தையைக் கீழே விடாமல் இருக்க வேண்டுமே என்றுதான் அந்த நேரத்தில் நினைத்தேன். அன்று மாலையே ஜெபக்கூட்டத்தில் எழுந்து சாட்சி சொன்னேன். கல்லான மனதை ஆண்டவர் ஒரே நாளில் கரைத்தார் என்றேன். எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள்.

பாஸ்போர்ட் வந்தது. மேட்ரன் அம்மாவோடு மெட்ராசுக்கு பஸ் ஏறினேன். விசா கொடுக்கும் ஆபீசில் ஒரு வெள்ளைக்காரரும், மொழிபெயர்க்க ஒரு தமிழ் அம்மாவும் இருந்தார்கள். அழைப்புக் கடிதம், ஆஸ்பத்திரிக் கடிதம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அவர் ஒன்று கேட்டார். அந்த அம்மா சொன்னார்:

"பயிற்சி முடிஞ்சதும் நீங்க திரும்பி வருவீங்கன்னு எப்படி நம்பறதுன்னு கேக்கிறார்."

யோசிக்காமல் சொன்னேன். "எங்க நைனா இங்கதான் கீறாரும்மா."

அந்த அம்மா சிரித்துக்கொண்டே அவருக்குச் சொன்னார். அவரும் தலையசைத்தார். அடுத்த வாரம் ஆறு மாத விசா குத்திய பாஸ்போர்ட் என் கையில் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நன்றி செலுத்த ஊருக்கு வந்தேன். நேரே கோயிலுக்குத்தான் வந்தேன், வீட்டுக்குப் போகவில்லை. அன்று அப்பமும் ரசமும் வாங்குகிற திருவிருந்து ஆராதனை. நைனா எப்போதும் உட்காருகிற முன்வரிசையில் இல்லை. கடைசியில், கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கால் வலியாக இருக்கும் என்று நினைத்தேன்.

அப்போதிருந்த போதகர் அறிவிப்புகளை வாசித்தார். நம் சபையின் மகள் எஸ்தருக்கு அயல்நாட்டு விசா கிடைத்ததற்காக ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் என்றார். சபை ஆமென் சொன்னது. அதே மூச்சில் அடுத்ததை வாசித்தார். சபை ஒழுங்கை மீறிப் புறமதத்தார் சாவில் பறையடித்ததற்காக ஏசடியான் ஈஸ்டர் வரைக்கும் திருவிருந்தில் சேரக்கூடாது என்று கமிட்டி தீர்மானித்திருக்கிறது.

சபை அதற்கும் ஆமென் சொன்னது.

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. திரும்பிப் பார்த்தேன். நைனா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு நடக்கும்போது அண்ணன்தான் எல்லாவற்றையும் சொன்னான். முன்சீப்பின் தாயார் அந்தக் கார்த்திகை மழையில் இறந்திருக்கிறார். பெருநகர்ப் பக்கமிருந்து பறை அடிக்க ஆட்களை வரவழைத்திருக்கிறார்கள். ஆனாலும் முன்சீப் ஆள் அனுப்பியிருக்கிறார். முனியன் வந்து எங்க அம்மாவுக்கு அடிக்கட்டும், அவன் பொண்ணு இந்த ஊருன்னு நான் எழுதித் தரேன் என்று.

"நான் போவாதன்னு சொன்னேன்," என்றான் அண்ணன். "கேக்கல. சட்டையக் கழட்டி வெச்சிட்டு, துண்ட இடுப்புல கட்டிக்கினு போயிட்டாரு. வந்தவங்க மோளத்தை வாங்கி அடிச்சாரு. வூட்டு வாசல்லேருந்து சுடுகாடு வரைக்கும் மழையில நனைஞ்சிக்கினே அடிச்சாரு. சாராயம் குடுத்தாங்க, அத மட்டும் தொடல. 'இன்னா முனியா, கை மறக்கலையே'ன்னு முன்சீப் எல்லார் எதிர்லயும் சிரிச்சாரு."

முன்சீப்பின் மனம் மாறவில்லை, சபையாரே. நான் கேட்டது அதுதான். அது நடக்கவேயில்லை.

வீட்டில் பாஸ்போர்ட்டை எடுத்து நைனா முன்னால் வைத்தேன். "நான் போவல. எனுக்கு இது வேணாம்," என்றேன்.

நைனா அதைத் தொடவில்லை. கைகளைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "போவலன்னா நான் அடிச்சது இன்னாத்துக்கும்மா?" என்று கேட்டார்.

"உன்ன யாரு போவச் சொன்னது? நான் ஜெபம் பண்ணிக்கினுதானே இருந்தேன்."

"நானுந்தான் பண்ணிக்கினு இருந்தேன். ஆள் வந்து கூப்ட்டான். இதுதான் பதிலுன்னு தோணுச்சு, போனேன். வேற மாதிரி பதிலு வரும்னு நீ நெனச்சிக்கினு இருந்த. எனுக்கு அந்த மாதிரி வந்து பழக்கம் இல்லம்மா."

நான் போனேன். பனி கொட்டுகிற ஊரில் கண்ணாடிப் பெட்டிக்குள் உள்ளங்கை அளவுக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை அங்கே கோயிலுக்குப் போவேன். பாட வாய் வராது. பெரிய காரியம் செய்தீர் என்று சொல்ல மனம் ஒப்பவில்லை. என் தகப்பனை அந்த வாசலில் நிறுத்தாமல் உமக்கு வேறு வழி கிடைக்கவில்லையா என்று கேட்டேன். பல நாள் அது மட்டும்தான் என் ஜெபம். அதற்கு எனக்குப் பதில் கிடைக்கவில்லை, இன்றைக்கும் கிடைக்கவில்லை. ஆனால் கேட்கக்கூடாது என்று அவர் என்னைத் தள்ளிவிடவும் இல்லை. பயந்து பயந்து ஜெபித்தவள், அங்கேதான் உள்ளதை உள்ளபடி சொல்லி ஜெபிக்கப் பழகினேன்.

திரும்பி வந்து குறைமாதக் குழந்தைகளுக்கென்று ஒரு வார்டைத் தொடங்கினோம். இந்தக் காலனிக் குழந்தைகளும் ஊர்க் குழந்தைகளும் அங்கே பிழைத்து வீடு போயிருக்கிறார்கள். அதற்காக ஆண்டவருக்கு நன்றி சொல்கிறேன். மனதாரச் சொல்கிறேன்.

நைனாவுக்கு ஈஸ்டரோடு தண்டனை முடிந்தது. அவர் ஞாயிறு தவறாமல் கோயிலுக்கு வந்தார். ஆனால் திருவிருந்துக்கு எழுந்து வரவேயில்லை. ஏன் என்று கேட்டால், "நீங்க போங்கம்மா, நான் உக்காந்துக்கினு இருக்கேன்," என்பார். போன கோடையில் இறந்துபோகும் வரைக்கும் அப்படித்தான் இருந்தார். அவருடைய அடக்க ஆராதனையில் நல்ல விசுவாசி என்று வாசித்தார்கள். உயிரோடு இருந்தபோது யாரும் அவரிடம் போய் அதைச் சொல்லவில்லை.

கசப்பாகப் பேசுகிறேன் என்று சிலருக்குத் தோன்றும். தோன்றட்டும். ஆண்டவர் ஜெபத்தைக் கேட்கிறார் என்பதற்கு நானே சாட்சி. கேளுங்கள், சந்தேகப்படாமல் கேளுங்கள். பாஸ்போர்ட்டுக்கும் கேளுங்கள், பிள்ளைக்கும் கேளுங்கள். அவர் கொடுப்பார். கொடுத்ததும் ஸ்தோத்திரம் சொல்ல அவசரப்படாதீர்கள். உங்களுக்காக யார் மழையில் நின்றார்கள் என்று முதலில் விசாரியுங்கள். அப்படி நின்றவர் கையைப் பிடித்து எழுப்பி, உங்களுக்கு முன்னால் திருவிருந்துக்கு அழைத்துப் போங்கள். அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் ஆமெனை ஆண்டவர் கேட்பார்.