யாரும் தொடக்கூடாத கம்ப்யூட்டர்

அந்தக் கம்ப்யூட்டரின் திரைக்கு மேலே ஒரு தாள் ஒட்டியிருக்கும். ‘யாரும் தொட வேண்டாம். என்னையும் சேர்த்துத்தான்.’ எழுதியவர் எங்கள் பாய். மேற்குத் தாம்பரத்தில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் இருந்தது அப்போதைய அலுவலகம். நாங்கள் எழுதும் மென்பொருளை மூட்டை கட்டி, வாங்கியவர் ஒரே சொடுக்கில் நிறுவிக்கொள்ளும்படி கொடுப்பது பாயின் வேலை. நான் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் பாடம் நடத்திவிட்டு, பிறகு சோதனைப் பிரிவுக்கு வந்தவள். வந்த முதல் நாளே எனக்கு ‘டீச்சர்’ என்று பெயர் வைத்துவிட்டார்.

எந்த மென்பொருளும் தன் காலில் நிற்பதில்லை. ரசீது அச்சிட யாரோ எழுதிய ஒரு துண்டு, தேதி காட்ட இன்னொருவர் எழுதிய துண்டு என்று கடன் வாங்கித்தான் ஓடும். எங்கள் கம்ப்யூட்டர்களில் அவையெல்லாம் ஏற்கெனவே கிடக்கும். ஆகவே எங்களிடம் எல்லாம் ஜோராக ஓடும். வாங்கியவர் இடத்தில், அடுப்பைத் தூக்கிக்கொண்டு போய் ரெகுலேட்டரை மறந்துவிட்டு வந்த கதையாகும். “நம்ம வூட்ல கீதுன்னா அவங்க வூட்லயும் இருக்குமா டீச்சர்?” என்பார் பாய். அதற்காகத்தான் அந்த ஒரு கம்ப்யூட்டர். காலையில் அதை மொத்தமாகத் துடைத்து, கடையிலிருந்து வந்த நிலைக்குக் கொண்டுவந்து வைப்பார். பிற்பகல் அதில் நிறுவிப் பார்ப்பார். அதில் ஓடினால் எங்கும் ஓடும்.

ஒரு வியாழக்கிழமை, மதிய உணவு நேரம். ஞாயிறு எங்கள் திருச்சபையில் அறுப்பின் பண்டிகை, அதற்கான செய்தி மடலைத் தட்டச்சு செய்ய வேண்டியவள் நான். என் கம்ப்யூட்டரில் நீண்ட சோதனை ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. பாய் வெளியே போயிருந்தார். அரை மணி நேரம்தானே என்று அந்தக் கம்ப்யூட்டரில் தமிழ் தட்டச்சு மென்பொருளைப் போட்டேன். ‘இதையும் சேர்த்து நிறுவட்டுமா?’ என்று அது ஏதோ கேட்டது. சரி என்று அழுத்தினேன். வேலை முடிந்ததும் பொறுப்பாக எல்லாவற்றையும் நீக்கிவிட்டேன். நீக்கிவிட்டதாக நினைத்தேன்.

அன்று பிற்பகல் பாய் புது மூட்டையை அதில் நிறுவிப் பார்த்தார், ஜோராக ஓடியது, கொடுத்தனுப்பிவிட்டார். வெள்ளி காலை பம்மலில் ஒரு டயாலிசிஸ் மையத்தில் எங்கள் மென்பொருள் திறக்கவே இல்லை. விட்டுப்போனதை இறக்கிக்கொள்ள அங்கிருந்த கம்ப்யூட்டருக்கு இன்டர்நெட்டும் கிடையாது. நோயாளிகளின் நேரத்தையெல்லாம் அவர்கள் கையால் எழுதிக்கொண்டிருந்தார்கள். ரசீது அச்சிடும் துண்டு உள்ளுக்குள் நம்பியிருந்த வேறொரு துண்டு மூட்டையில் இல்லை. பாய் அதன் பெயரை வாய்விட்டுப் படித்தார். நேற்று நான் சரி என்று அழுத்தியது அதைத்தான். மற்றதெல்லாம் போயும் அது மட்டும் தங்கிவிட்டிருக்கிறது.

பாய் விட்டுப்போனதைச் சேர்த்து உடனே ஆள் மூலம் கொடுத்தனுப்பிவிட்டார். ஆனால் அந்தக் கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். “ஒழுங்கா தொடைக்காம வுட்டுட்டேனா? தொடைச்சேனே!” மாலையில் எல்லோருக்கும் மின்னஞ்சல் போட்டார், தவறு தன்னுடையது என்று. மாதக் கடைசியில் அவருடைய ஒப்பந்தம் முடிகிறது. நிரந்தரமாக்குவதா, அனுப்பிவிடுவதா என்று மேனேஜர் யோசித்துக்கொண்டிருந்த நேரம். வீட்டில் கைக்குழந்தை. எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. எனக்கு என் வேலை பயம். ஞாயிறன்று ஆலயத்தில் ஆளுக்கொரு மடலை நானே சிரித்துக்கொண்டு கொடுத்தேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

திங்கள் மாலை, செய்த வேலையையே பாய் நான்காம் முறையாகச் சரிபார்ப்பதைப் பார்த்ததும் தாங்கவில்லை. சொல்லிவிட்டேன்.

“நான் தப்பு பண்ணுவேன்னு தெரிஞ்சுதானே டீச்சர் இந்த மெஷினையே வெச்சேன்? இதையும் நம்ப முடியலன்னா நான் எங்க போறது?”

“மன்னிச்சிடுங்க பாய்.”

“என்கிட்ட சொல்லி இன்னா பிரயோஜனம்? மெயில்ல என் பேருதானே கீது. எல்லாருக்கும் போடுங்க.”

போட்டேன். மேனேஜர் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கினார். அந்த மாதக் கடைசியில் பாய்க்கு நிரந்தர உத்தரவு வந்தது. எனக்கும் ஒரு சாக்லேட் கொடுத்தார், “எடுத்துக்குங்க மேடம்” என்று. டீச்சர் என்று மறுபடி கூப்பிட இரண்டு மாதம் ஆயிற்று.

இப்போது நாவலூரில் என் அலுவலகத்தில் அப்படியொரு கம்ப்யூட்டரே கிடையாது. ஒவ்வொரு சோதனைக்கும் புதிதாக ஒன்று தானே உருவாகி, முடிந்ததும் தானே அழிந்துபோகிறது. யாரும் கை வைக்க முடியாது. கடன் வாங்கும் துண்டுகளோ நூற்றுக்கணக்கில் வந்து குவிகின்றன, எதை யார் எழுதினார்கள் என்றுகூட யாருக்கும் நினைவில்லை. போன மாதம் அதைப் பற்றி இளைஞர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது பாய் ஞாபகம் வந்தது. வேறொரு நிறுவனத்தில் பெரிய பதவியில் இருக்கிறார். வாட்ஸ்அப்பில் எழுதினேன்: “அந்த மூணு நாள் வாயைத் திறக்காம இருந்தேனே பாய், இன்னும் உறுத்துது.”

உடனே பதில் வந்தது.

“மூணு இல்ல டீச்சர், நாலு. ஞாயித்துக்கிழமைய வுட்டுட்டீங்க.”