முயலுக்குப் பூசிய மை

மகளுக்கு முயல்குட்டி வாங்க வெள்ளவத்தைக்குப் போயிருந்தேன். கடைக்காரர் கறுப்புக் குட்டி ஒன்றைத் தூக்கித் தந்துவிட்டு, "இது வளரச் சாம்பல் நிறமாகும் அக்கா. பிறகு ஏமாத்திப்போட்டன் எண்டு சண்டைக்கு வராதேங்கோ" என்றார். சில சாதி முயல்கள் கறுப்பாகப் பிறக்குமாம்; குட்டிமயிர் உதிர்ந்ததும் வெள்ளி கலந்த மயிர் முளைக்குமாம். வெயில் காலத்தில் வேறு மங்குமாம். இந்த ஒரு விஷயத்தை அந்த நாளில் யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம்.

எங்கள் ஊர் கொக்குவிலில், சின்ன வயதில், வதனி எங்கள் பக்கத்து வீடு, என் வகுப்பு. கறுப்புக் குட்டியை அவளுக்குக் கொடுத்தது அவளுடைய அண்ணை. அடுத்த கிழமை டியூசனுக்குப் போனவர் திரும்பவில்லை. ஷெல்லடி கூடியதும் அவர்கள் அச்சுவேலிக்குப் புறப்பட்டார்கள். நாங்கள் வளவில் வெட்டிய பங்கர் குழியை நம்பி இருந்துவிட்டோம். அவர்களின் சைக்கிளில் மூட்டைகளோடு முயலுக்கு இடமில்லை.

"அண்ணை வந்து கேட்டா நான் காட்டோணும். கவனமாப் பாரடி" என்று வதனி அதை என் கையில் தந்தாள். தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

மூன்றாம் மாதம் மூக்கைச் சுற்றி வெளுத்தது. பிறகு முதுகு. "முயலுக்கும் நரைக்குமோடி?" என்று அம்மா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சந்தையில் ஒரு சாமானும் இல்லாத காலம். யார் வீட்டுக் கோழி யார் சட்டியில் என்பதுதான் ஊர்க்கதை. சாம்பல் முயலைக் கண்டால் வதனி என்ன நினைப்பாள்? முருங்கையிலைதான் குற்றம் என்று அதை நிறுத்தினேன். வெளுப்பு நிற்கவில்லை.

"வதனியாக்கள் வந்திட்டினம்" என்று அம்மா சொன்ன அன்று மூளை வேலை செய்தது. மண்ணெண்ணெய்த் தட்டுப்பாட்டில் சொட்டு விட்டு ஜாம் போத்தலில் திரி போட்டு எரித்த விளக்கு, சுவரெல்லாம் கரி. அதைச் சுரண்டித் தேங்காயெண்ணெயில் குழைத்தேன். தம்பிக்கு அம்மா கண்மை கூட்டுவதைப் பார்த்த அனுபவம்! பூசி முடித்ததும் முயல் எண்ணெய் வைத்த தலைபோல மினுங்கியது.

வதனி பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையோடு ஓடிவந்து அதை நெஞ்சோடு அணைத்தாள். "என்ரை கறுப்பி!" எனக்கு மூச்சு வந்தது. பிறகு அவள் குனிந்து தன் சட்டையைப் பார்த்தாள். முயலின் முதுகை உள்ளங்கையால் அழுத்தித் துடைத்தாள். சாம்பல் தெரிந்தது. முயலை என் கையில் திணித்தாள்.

"உது என்ரை முயல் இல்லை. கறி வைச்சிட்டியளோ?"

"இல்லையடி, இதுதான். நிறம் மாறிப்போச்சு."

"அப்ப ஏன் மை பூசினனீ?"

நாங்கள் போய்வந்த வேலிப்பொட்டு அன்று பின்னேரமே தென்னங்கிடுகால் அடைபட்டது. ஐந்து வருடம் அவள் என்னோடு கதைக்கவில்லை. அண்ணையும் வரவில்லை.

தொண்ணூற்றைந்தில் ஆமி வருகிறதென்று ஊரே எழும்பிப் போன மழையில், நெரிசலுக்குள் வதனி எனக்குப் பக்கத்தில் நின்றாள். என் கூடைக்குள் கிழட்டு முயல் நனைந்துகொண்டிருந்தது.

"இன்னும் வைச்சிருக்கிறியே?"

"உன்ரையெல்லோ" என்றேன்.

கூடைக்குள் கையை விட்டு அதன் முதுகைத் தடவினாள். பிறகு உள்ளங்கையைத் திருப்பி மழை வெளிச்சத்தில் பார்த்தாள். கரி இல்லை, மழைத்தண்ணீர் மட்டும். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பின்னால் வந்த சனம் எங்களைப் பிரித்துத் தள்ளியது.

முயல் அந்த மாரியிலேயே செத்தது. கொக்குவிலில் இப்போது அந்த வேலி இல்லை, மதில். வதனியைத் தெரிந்தவர்களும் அங்கே இல்லை.