கப்பலைத் திருப்பிக் கொண்டுவந்தவர்

கப்பல்துறையில் பஸ்ஸுக்கு நின்றபோது செய்தி வந்தது: தங்கேஸ்வரி அக்கா காலமாகிவிட்டார். தொலைபேசி நிலையத்தில் பதினாறு ஆண்டுகள் எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தவர். பஸ் வந்து போனதுகூட எனக்குத் தெரியவில்லை.

அக்காவின் தகப்பனார் ஊமைப்படக் காலத்தில் திருகோணமலைத் துறைமுகத்தடிக் கொட்டகையில் படம் ஓட்டியவர். கையால் சுற்றும் மெஷினையும், பெயர் சொன்னாலும் எவருக்கும் தெரியாத ஒரு காதல் படத்தையும் மகளுக்கு விட்டுப்போனார். கப்பலில் வந்திறங்கும் மாலுமியை ஒருத்தி காதலிக்கிறாள், அவன் மறுபடி கப்பலேறுகிறான், திரும்பவேயில்லை. அவ்வளவுதான் கதை.

யுத்த காலத்தில் மின்சாரம் இல்லை. பேசும் படங்களெல்லாம் வாயடைத்துக் கிடக்க, அக்காவின் ஊமைப்படம் மட்டும் கார் பற்றறி வெளிச்சத்தில் ஓடியது. இடம்பெயர்ந்தவர்கள் தங்கிய பள்ளிக்கூடத்தில் யன்னல்களுக்குச் சாக்குக் கட்டி, பட்டப்பகலில் காட்டினார். படம் முடிந்ததும் திரியாய் ஊரிலிருந்து வந்திருந்த பெண் ஒருவர் எழுந்தார். கடலுக்குப் போன கணவரை அவர் மூன்று மாதமாகத் தேடிக்கொண்டிருந்தார்.

"என்ன தங்கச்சி, அவன் வராமலே முடிச்சுப்போட்டியள்? இதையும் நாங்கள் பாக்கவேணுமோ?"

மறுநாள் அக்கா படத்தின் தொடக்கத்தை, அவன் கப்பலிலிருந்து இறங்க அவள் ஓடிவரும் காட்சியை, வெட்டிக் கடைசியில் ஒட்டினார். அன்று பள்ளிக்கூடமே "வந்திட்டான்! வந்திட்டான்!" என்று கத்தியது. யார் வந்தது என்று விசாரிக்க ஓடிவந்த சிப்பாய்கள் இருவரும் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

யுத்தம் முடிந்தபின், பழைய படங்கள் சேகரிக்கும் ஒருவர் கொழும்பிலிருந்து வந்தார். அதிகம் பேர் அறியாத படம் என்பதுதான் சேகரிப்பவர்களுக்கு அதன் ருசி என்றார். பார்த்து முடித்ததும் கதிரையை விட்டு எழுந்துவிட்டார்.

"அம்மா, உலகத்தில எங்கயும் இல்லாத முடிவு இது!"

வாயைத் திறக்காதீர்கள் என்று நான் அக்காவின் காலை மிதித்தேன். அக்காவா கேட்பார்?

"அதை நான்தான் வெட்டி ஒட்டினனான், தம்பி. சனம் அழுதது, பாக்க ஏலாமப் போச்சு. பிழையெண்டால் பிழைதான்."

எனக்கு ஆத்திரத்தில் அழுகை வந்தது. கைக்கு வந்த பெருமையை இப்படிப் போட்டுடைத்துவிட்டாரே! வந்தவரோ, "இன்னொருக்கா ஓட்டுங்கோ" என்றார். பிறகு இரண்டு பிரதிகள் எடுத்தார். ஒன்று பழைய வரிசையில், மற்றது அக்காவின் வரிசையில். அந்த இரண்டாவது பிரதியின் பெட்டிமேல் "திருகோணமலை முடிவு" என்று எழுதினார். அக்கா அதை வாசித்துவிட்டு என் காலை ஒரு மிதி மிதித்தார்.

நேற்று அக்காவின் வீட்டில் எட்டுச் செலவு, எட்டாம் நாள் படையல். உறவினர்கள் சாப்பிட்டெழுந்தபின் விறாந்தையை இருட்டாக்கி, நான்தான் மெஷினைச் சுற்றினேன். திரியாய் அம்மாவும் வந்திருந்தார். அவருடைய கணவர் இன்றுவரை வரவில்லை. ஆனாலும் மாலுமி கப்பலிலிருந்து இறங்கியபோது முதலில் கத்தியது அவர்தான்: "வந்திட்டான்!"

வீடே சேர்ந்து கத்தியது. செத்தவீட்டில் இப்படியும் ஒரு சத்தமா என்று அயலார் எட்டிப் பார்த்தார்கள். போய்வாருங்கள், அக்கா. துறையில் நாங்கள் நிற்போம்.