எஞ்சின் புரையில் பூட்டப்பட்ட பகல்

இது நடந்தது. எனக்கே நடந்தது. கரிப்புகை தலைக்கேறிக் கனவு கண்டிருப்பேன் என்று பலர் சொல்லிவிட்டார்கள். சொல்லட்டும். நான் பார்த்ததை அவர்கள் பார்க்கவில்லை.

கொல்லம் ஆண்டு 1110, ஆனி மாதம். அருமனைக்குப் பக்கத்தில் ஒரு நெல் மில்லில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். வேலையை வாங்கிக் கொடுத்தவன் ராஜையன், என் மனைவி லீலாபாயின் அண்ணன். அங்கே எஞ்சின் டிரைவர் அவன்தான். அந்த எஞ்சினுக்கு எண்ணெய் வேண்டாம். ஆள் உயர இரும்பு உருளையில் தேங்காய்ச் சிரட்டைக்கரியைக் கொட்டி, அடியில் கனல் மூட்டினால் ஒரு வாயு வரும். அதில்தான் எஞ்சின் ஓடும். எஞ்சின் புரை என்கிற அந்தக் கொட்டகையில் கரி போடுவதும் கனல் அணையாமல் பார்ப்பதும் என் வேலை.

அந்த வாயுவுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. மூச்சில் ஏறினால் ஆள் தூங்கினபடியே போய்விடுவான். இதை ராஜையன் எனக்குச் சொல்லவில்லை. எஞ்சின் நிற்கும்போது வாயுவைக் கூரைக்கு மேலே கொண்டுபோகும் குழாய் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தது. அதையும் சொல்லவில்லை.

அன்று மத்தியானம் பெல்ட் அறுந்து எஞ்சின் நின்றது. வெளியே நல்ல மழை.

“நான் மார்த்தாண்டம் போயி வேற பெல்ட் வாங்கிட்டு வாறேன் மாப்ளே,” என்றான் ராஜையன். “கனல் அணையப்பிடாது. ஜன்னல் தொறக்காண்டாம். சாரல் அடிச்சா கரி நனைஞ்சிரும், கேட்டியா?”

“செரி மச்சான்.”

கதவைச் சாத்திவிட்டுப் போனான். ஓட்டுக்கூரையில் மழைச் சத்தம். எனக்கு லேசாகத் தலை வலித்தது.

சரக்... சரக்...

கரிச்சாக்குகள் அடுக்கிய மூலையிலிருந்து வந்தது. மண்வெட்டியால் யாரோ கரி அள்ளுகிற சத்தம். எலியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று மணி இருக்கும். கரி போடலாம் என்று உருளையின் மூடியைத் திறந்தேன். விளிம்புவரை கரி. காலையில் நான் போட்டது பாதிக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு நான் போடவே இல்லை.

திரும்பினேன்.

சாக்கின்மேல் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான். இடுப்பில் துண்டு. அந்த மழையிலும் தலை காய்ந்திருந்தது. முகம் மட்டும் நல்ல சிவப்பு.

“நீரு யாரு?”

“ஒன்னையும் ராஜையன்தான் கொண்டுவந்தானா?”

“ஆமா...”

“பூட்டிட்டுப் போயிருப்பான். பாரு.”

கதவருகே போனேன். தள்ளினேன். வெளியே பூட்டு ஆடிய சத்தம்.

கடக்.

மச்சான் என்று கத்தினேன். சத்தம் வரவில்லை. கண் இருட்டிக்கொண்டு வந்தது.

பின்னால் அவன் எழுந்து வந்தான். காலடி கேட்கவில்லை.

என் தோளில் ஒரு கை.

சூடு.

கதவு திறந்தது...

கண் விழித்தபோது நெல் அவிக்கிற கொட்டகையில் கிடந்தேன். அங்கே வேலை செய்கிற செசிலி என் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

“கூட வந்தவரு எங்க போனாரு?” என்றாள்.

“யாரு?”

“உங்கள தோளப் புடிச்சு வெளிய விட்டாருல்லா, அவருதான்.”

சாயங்காலம் ராஜையன் வந்தான். தோளில் புது பெல்ட். என்னைப் பார்த்தான், பிறகு நேராகப் புரைக்குப் போனான். நானும் தள்ளாடிக்கொண்டு பின்னால் போனேன். கதவு விரியத் திறந்து கிடந்தது. பூட்டு, கதவு நிலையிலிருந்த வளையத்தில் பூட்டினபடியே தொங்கியது. உடையவில்லை, ஒரு கீறல்கூட இல்லை. சாவி அவன் மடியில் இருந்தது.

“கதவ யாரு தொறந்தது?” என்றான். நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்கவில்லை.

“எதுக்கு மச்சான் பூட்டினீரு?”

“நீ பயந்து வெளிய ஓடிட்டா கனல் அணைஞ்சிரும்லா.”

சோறு கேட்ட வேலைக்காரனுக்குப் பதில் சொல்வதுபோல் சொன்னான். அவனுடைய தங்கையின் புருஷன் நான்.

வீட்டுக்குப் போய் லீலாபாயிடம் எல்லாம் சொன்னேன். அவள் அழவில்லை.

“நாராயணபெருமாளு,” என்றாள்.

“அது யாரு?”

“உங்களுக்கு முன்னால அங்க கரி போட்டவரு. அவரயும் அண்ணன் உள்ள வச்சுப் பூட்டிட்டுத்தான் போனான். வந்து தொறந்தப்போ மொகம் செவந்து செத்துக் கெடந்தாராம். கதவு தொறந்துதான் கெடந்துன்னு எல்லாரிட்டயும் சொல்லிட்டான்.”

“ஒனக்கு எப்பத் தெரியும்?”

“வேதப்புத்தகத்து மேல சத்தியம் வாங்கிட்டான், வெளிய சொல்லப்பிடாதுன்னு...”

“எப்பத் தெரியும்னு கேட்டேன்.”

“நீங்க மொதல்ல வேலைக்குப் போன அன்னைக்குக் காலையில,” என்றாள். “உங்களுக்குச் சோறு கட்டிட்டு இருக்கும்போது.”